பொட்டலத்துக்குள் என்ன பூ

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில், மேசை மேல் இருந்த எவர்சில்வர் டப்பாவை ஹரீஷ் ஒருமுறை நன்றாகக் குலுக்கினான். உள்ளே ராஜ்மா. சிவப்பு ராஜ்மாவில் வெள்ளை ராஜ்மாவைக் கலந்து வைத்திருந்தான்; நூற்றுக்கு முப்பது வெள்ளை. கோயமுத்தூரிலிருந்து புனேவுக்கு வந்து பி.காம் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு இந்த டப்பாதான் மொத்தச் சொத்து. ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு பத்து எடுக்க வேண்டும், அதில் எத்தனை வெள்ளை என்று பார்க்க வேண்டும், பலகையில் அதற்குரிய இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும், எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். முதலில் புள்ளிகள் கை தவறிக் கொட்டிய பொரி மாதிரி எங்கெங்கோ கிடக்கும். வகுப்பு முழுக்க எழுந்து வந்துவிட்டுப் போன பிறகு, பத்துக்கு மூன்றைச் சுற்றி, அதாவது நூற்றுக்கு முப்பதைச் சுற்றி, ஒரு குன்று எழும்பியிருக்கும். தனித்தனியாக எல்லோரும் தப்பு, எல்லோரும் சேர்ந்தால் சரி. பத்துப் பதினைந்து வருடமாகப் பார்த்தும் அவனுக்கு அந்தக் குன்று அலுத்ததில்லை. இந்த முறை மட்டும் முப்பது என்ற எண்ணைத் தானாகத்தான் தேர்ந்தெடுத்தோமா என்று புள்ளிகள் விழ விழ யோசித்துக்கொண்டு நின்றான்.

கடைசி பெஞ்சு மூவர் அணி வீட்டுக் கணக்கைக் கொண்டுவந்து நீட்டியது. வீட்டில் ராஜ்மாவை வைத்துத் திரும்பத் திரும்ப எடுத்து எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தான். எல்லா முறையும் பத்துக்குச் சரியாக மூன்று வெள்ளை. “டப்பாவைத் திறக்கவே இல்லை, இல்லையா?” என்று அவனுடைய கோயமுத்தூர் இந்தியில் கேட்டான். வகுப்பு சிரித்தது. இந்தியைக் கேட்டுச் சிரித்ததா, மூவரைப் பார்த்துச் சிரித்ததா என்று அவனுக்கு எப்போதும் தெரிந்ததில்லை. நிஜம் இவ்வளவு ஒழுங்காக இருக்காது, இஷ்டத்துக்கு எழுதுகிறவன் கையில்தான் இவ்வளவு ஒழுங்கு வரும் என்று சொல்லி, மூவருக்கும் பூஜ்யம் போட்டான். போடும்போது ஒரு நீதிபதியின் நிம்மதி இருந்தது.

அப்புறம் பலகையில் பெரிய எக்ஸ் ஒன்றும் சின்ன எக்ஸ் ஒன்றும் எழுதினான். கை டப்பாவுக்குள் இருக்கும்வரை அது பெரிய எக்ஸ். என்னவாகவும் ஆகலாம். கை வெளியே வந்து விரலைப் பிரித்துப் பார்த்துவிட்டால் சின்ன எக்ஸ். அதற்கப்புறம் நிகழ்தகவு என்று பேச ஒன்றுமில்லை.

முன்வரிசையில் ப்ரீதி கையைத் தூக்கினாள். “சர், ஏக் ஹி பார் நிகால்னா ஹோ தோ? ஏக் ஹி தானா?” ஒரே ஒரு தடவைதான் எடுக்க முடியும், அதுவும் ஒரே ஒரு மணிதான் என்றால் என்ன செய்வது என்று கேட்கிறாள்.

“அப்பவும் முப்பது சதவீதம்தான்.”

“அப்படின்னா என்ன அர்த்தம் சர்?”

குன்றைக் காட்டினான். அவள் குன்றைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். குன்று எழும்புவதற்கு நிறையப் பேர் நிறைய முறை எடுத்திருக்க வேண்டும், ஒருத்தி ஒருமுறை எடுத்தால் பலகையில் ஒற்றைப் புள்ளிதான் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நல்லவேளை, மணி அடித்தது. அவனுடைய ஆசிரியர் வாழ்க்கையை மணிதான் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

மறுநாள் மத்தியானத்துக்குள் கருத்தரிப்பு கிளினிக்குக்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்று முறை ஊசிகளும் மாத்திரைகளும் போட்டு, கருவை உள்ளே வைத்து, காத்திருந்து, மூன்று முறையும் தங்கவில்லை. இன்னும் ஒரே ஒரு கரு அங்கே உறைய வைக்கப்பட்டிருக்கிறது. வைக்கலாம், அல்லது போதும் என்று சொல்லிவிடலாம். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “தர்ட்டி பர்சன்ட்” என்றார். அவன் மனைவி வனஜாவுக்கு நாற்பது நெருங்குகிறது. ஏற்கெனவே இருமுறை, அடுத்த மாதம் சொல்கிறோம் என்று தள்ளிப்போட்டாகிவிட்டது. “இனிமே தள்ளிப்போடறதெல்லாம் இல்லீங்க. சனிக்கெழம ஒண்ணு ஆமா, இல்லீன்னா இல்ல,” என்று அவள் சொல்லிவிட்டாள்.

வனஜா மகர்பட்டாவில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர். பிறர் எழுதிய நிரலை உடைத்துப் பார்ப்பது வேலை. ஒரு மாதமாக அவள் அவனை உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களுக்கு என்ன தோணுது என்று தோசை வார்க்கும்போது கேட்டாள், தலை துவட்டும்போது கேட்டாள், லிஃப்டில் கேட்டாள். ஒவ்வொரு முறையும் அவன் பதில் சொன்னான். முந்தைய மூன்று தோல்வியால் நான்காவதன் வாய்ப்பு குறையாது, ஆனால் கூடவும் செய்யாது. டாக்டரம்மா சொல்வது எந்த வயதுக்காரர்களின் கணக்கு என்று தெரியாது. அந்த முப்பதைச் சுற்றி எவ்வளவு பிழை இருக்கிறதோ. லிஃப்ட் நின்று, கதவு திறந்து, பக்கத்து வீட்டுக்காரர் ஏறிய பிறகும் சொல்லிக்கொண்டே போனான். அத்தனையும் உண்மை. அதில் ஒன்றுகூட பதில் இல்லை என்பது அவனுக்கே தெரியும். வாயைத் திறந்தால் சதவீதம்தான் வந்தது. சிலருக்கு விக்கல் வருவது போல.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசிம்பருப்பு சாதம். நெய்யை ஊற்றிவிட்டு, அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே வனஜா கேட்டாள். “ஏனுங்க, பூவாக்குக் கேட்டுப் பாக்கலாமுங்களா?”

அவர்கள் ஊர்ப்பக்கம் நிலம் வாங்குவதானாலும் பெண் எடுப்பதானாலும் சாமியிடம் பூக்கேட்காமல் நகர மாட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

“சாம்பிள் சைஸ் ஒண்ணு,” என்றான் ஹரீஷ்.

“கொழந்தையும் ஒண்ணுதானுங்க.”

ஹரீஷ் டம்ளரை எடுத்தான். தண்ணீர் குடித்தான். பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு, “சரி, பொட்டலத்த யாரு எடுக்கறது?” என்று கேட்டான். கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. ஊரில் அதற்கு வீட்டுச் சின்னக் குழந்தையைத்தான் கூப்பிடுவார்கள். குழந்தை வேண்டுமா என்று கேட்பதற்கு ஒரு குழந்தை தேவைப்பட்டது. இந்த மாதிரி இடங்களில் சரியாகக் காலை வைப்பதில் அவனுக்கு நிகர் அவன்தான்.

“நானே எடுத்துக்கறேன்,” என்றாள் வனஜா. “நீங்க கட்டுங்க.”

காலையில் பூ வாங்கப் போனவன் தன் தொழில்புத்தியோடு போனான். கோர்படி மார்க்கெட்டில் சாமந்தியும் செண்டுமல்லியும் மலைமலையாகக் கிடந்தன. அரளி கேட்டதற்குப் பூக்காரம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளைச் சாமந்தியும் சிவப்பு ரோஜாவும் எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் கை வைத்ததும் எது எதுவென்று விரலுக்குத் தெரிந்துவிடும், அப்புறம் அது என்ன சோதனை. இரண்டுமே ரோஜாவாக இருக்கட்டும், ஒரே அளவில் மொட்டு விரியாததாக இருக்கட்டும் என்று கூடையைக் கிளறினான். சிவப்பில் ஒன்று எடுத்தான். அதற்குச் சரியான ஜோடி எது என்று வீட்டில் போய் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று வெள்ளையில் இரண்டு எடுத்தான். பூக்காரம்மா மராட்டியில் ஏதோ சொல்ல, பக்கத்தில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தவர் சிரித்தார். பொண்டாட்டிக்கு மூன்று ரோஜாவா, கஞ்சன் என்பதாக இருக்கலாம்.

வீட்டில் அவன் விடைத்தாளிலிருந்து ஒரே அளவாக இரண்டு சதுரம் வெட்டுவதைப் பார்த்துவிட்டு, தலையில் எண்ணெயோடு நின்ற வனஜா கேட்டாள். “சாமிக்கே பரீட்ச வெக்கறீங்களா?”

“காப்பியடிக்கக் கூடாதில்ல.”

சிரித்துவிட்டுக் குளிக்கப் போனாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது. குளியலறையில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சிவப்பை ஒரு சதுரத்திலும் வெள்ளையை இன்னொன்றிலும் வைத்தான். மடிக்கத் தொடங்கியவனுக்கு அந்தப் பேரீச்சம்பழம் ஞாபகம் வந்தது.

மூன்றாவது முறையும் தங்கவில்லை என்று கிளினிக்கிலிருந்து போன் வந்தபோது இருவரும் பெரிய கடையில் பில் போட வரிசையில் நின்றிருந்தார்கள். வனஜா கேட்டுக்கொண்டாள், “ஓகே மேம்” என்றாள், போனைப் பைக்குள் வைத்தாள். பிறகு தள்ளுவண்டியிலிருந்து பேரீச்சம்பழப் பாக்கெட்டை மட்டும் எடுத்தாள். ரத்தம் ஊற என்று வாங்கியது. பில் போடும் இடத்திலேயே வேண்டாம் என்று வைத்துவிட்டு வரலாம், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அவள் கடையின் அந்தக் கோடிவரை நடந்து, அது இருந்த அதே தட்டில், அதே இடத்தில், லேபிள் முன்னால் தெரியும்படி திருப்பி வைத்துவிட்டு வந்தாள். வரிசை அதற்குள் நகர்ந்திருந்தது. பின்னால் நின்றவர் எரிச்சலாக ஏதோ சொல்ல, அவள் சாரி கேட்டாள்.

சிவப்பு வந்தால் அவள் அழ மாட்டாள். அந்தப் பூவைக் கொண்டுபோய் எங்காவது லேபிள் தெரியும்படி வைத்துவிட்டு, சாரி கேட்டுவிட்டு வருவாள். அதை இன்னொருமுறை பார்க்க அவனால் முடியாது. சிவப்பை வெளியே எடுத்தான். இரண்டாவது வெள்ளையை அந்த இடத்தில் வைத்தான். மடித்தான். இரண்டு பொட்டலமும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருந்தன, மூவர் அணியின் கணக்கு போல. குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. கையில் சிவப்பு ரோஜாவோடு நடு ஹாலில் நின்றவன், வேறு வழி தெரியாமல் அதைச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பின்னால் தலைகீழாகச் செருகிக்கொண்டான்.

ஈரத்தலையில் துண்டைச் சுற்றியபடி வனஜா வந்து விளக்கேற்றினாள். சாமி அலமாரி முன்னால் பொட்டலங்களைப் போட்டுப் புரட்டினாள். திரும்பி அவனை ஒருமுறை பார்த்தாள். அவன், கவனிக்காதவன் போல, காலண்டரைப் பார்த்தான். கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

“வெள்ள,” என்றாள்.

“சாமி பாஸ் பண்ணிட்டாரு.”

அவள் சிரிக்கவில்லை. பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மடிப்புக் கோடுகளை விரலால் தடவினாள். பிறகு அந்தப் பூவை விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மற்றதை எடுத்துக் கைப்பையில் போட்டாள். “இத ஆத்துல விட்டுட்டு வந்துருவோம். அப்பறம் போன் பண்ணிக்கலாமுங்க.”

இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். முண்ட்வாப் பாலத்துக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இந்தக் கேட் அவனுக்கென்றே மூடும் என்று நெடுநாளைய சந்தேகம். ஆட்டோ, டெம்போ, ராணுவ வண்டி, இரண்டு பக்கமும் எறும்பு மாதிரி நுழைந்துவிட்ட பைக்குகள். சரக்கு ரயில் வருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. எல்லோரும் எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தார்கள். அவனும் காரணமே இல்லாமல் ஆக்ஸிலரேட்டரைத் திருகிக்கொண்டிருந்தான்.

காலையில் பெருந்தன்மையாகத் தெரிந்தது இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. அந்த வெள்ளையை நம்பி அவள் இன்றைக்கே மாத்திரையைத் தொடங்குவாள். ஊசி போட்டுக்கொள்வாள். இடுப்பில் பழைய ஊசித் தடமே இன்னும் போகவில்லை. அந்த முப்பது, பூவுக்காக முப்பத்தொன்றாகப் போவதில்லை. தங்காமல் போனால், சாமியே சரியென்று சொன்ன பிறகும் தங்கவில்லையே, அப்படியென்றால் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வாள். போன் பண்ணுவதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது? திங்கட்கிழமை அந்த மூவர் முகத்தில் எப்படி விழிப்பது? பூஜ்யத்தைத் திருத்தி ஐந்தாகவாவது போட்டுவிடலாம் என்று தோன்றியது.

“ஏனுங்க, இப்பிடி முறுக்கறீங்க? வண்டி நிக்குது,” என்றாள் பின்னாலிருந்து.

“கேட்டு தொறந்தா டக்குனு போலாம்ல.”

“எங்க போயிரப் போறோம்.”

சரக்கு ரயில் வந்தது. பெட்டி பெட்டியாக, முடிவதாகவே தெரியவில்லை. அவள் கை அவன் தோளில் இருந்தது. மற்றொரு கை கைப்பையை மடியோடு அழுத்திப் பிடித்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தான்.

பாலத்தில் ஓரமாக வண்டியை நிறுத்தினான். கீழே முளா-முட்டா ஆறு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீரே தெரியவில்லை. கரையிலிருந்து கரைவரை ஆகாயத்தாமரை பச்சைப் பாய் விரித்திருந்தது. நடுவே ஒரு இடத்தில் மட்டும் கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர். வனஜா பொட்டலத்தை எடுத்தாள். பாலத்துச் சுவரில் கையை ஊன்றி நின்றாள்.

“இதையும் பிரிச்சுப் பாக்கலாமுங்களா?”

“பிரிக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன.” அவன் குரல் அவனுக்கே கீச்சென்று கேட்டது.

“உள்ள என்ன இருக்குதுன்னு தெரிஞ்சவங்க பிரிச்சாத் தப்பில்லீங்க.”

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பாலம் லேசாக அதிர்ந்தது.

“உங்க பாக்கெட்ல காம்பு நீட்டிட்டு இருக்குது,” என்றாள் வனஜா. “நான் பொட்டலத்த எடுக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்.”

ஹரீஷ் குனிந்து பார்த்தான். பேனாவுக்குப் பக்கத்தில், பேனாவைவிட உயரமாக, முள்ளோடு காம்பு நின்றுகொண்டிருந்தது. பை ஓரத்தில் சிவப்பாகக் கறை வேறு. இப்படியே காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

“தெரிஞ்சுட்டேவா எடுத்த?”

“ஆமாங்க.”

“அப்பறம் எதுக்குச் சாமி, பூவாக்கு…”

“சாமிய எதுக்குங்க தொந்தரவு பண்ணோணும். ஒரு மாசமாக் கேக்கறேன், உங்க வாயில இருந்து ஒரு பதில் வரல. சரி, கையில இருந்தாவது வருதான்னு பாத்தேன்.” பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ரண்டும் வெள்ள. அப்ப உங்களுக்கு வேணும்.”

ஆமாம் என்று அவன் தலையாட்டிவிட்டால் எல்லாம் நன்றாகவே முடிந்துவிடும் என்று தெரிந்தது. மூவர் அணியும் இப்படித்தான் நினைத்திருக்கும்.

“உனக்கு வேணும்னு நெனச்சேன்,” என்றான்.

வனஜா திரும்பினாள். “எனக்கு வேணும்னு யாரு சொன்னது?”

“அன்னிக்கு அந்தப் பேரீச்சம்பழப் பாக்கெட்ட…”

“வேண்டாம்னுதான கொண்டுபோய் வெச்சேன்.”

“லேபிள் தெரியற மாதிரி வெச்ச, வனஜா. வேண்டாங்கறவங்க அப்பிடி வெக்க மாட்டாங்க.”

அவள் ஆற்றுப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தலைக்கவசம் அழுத்திய முடி ஈரம் காயாமல் பின்கழுத்தில் ஒட்டியிருந்தது. முதுகு ஒருமுறை குலுங்கி நின்றது. அவன் அவளைத் தொடலாமா என்று யோசித்தான். அதற்கும் ஒரு சதவீதம் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

“எனக்குப் பயமா இருக்குது,” என்றான். “வேணுமான்னு கேட்டா வேணும். அந்தப் போன் இன்னொருக்கா வந்தா உன்ற மொகத்தப் பாக்கோணுமேன்னு பயம். அவ்வளவுதான். இதுல கணக்கு ஒண்ணும் இல்ல.”

“இத மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க.”

“தெரியல.”

“எனக்கும் பயந்தான்,” என்றாள் ஆற்றிடம். பிறகு, “அன்னிக்கு நீங்களும் என்கூட வந்திருக்கலாம். அந்தக் கோடி வரைக்கும்,” என்றாள்.

அவனுக்கு அந்தக் கடை ஞாபகம் வந்தது. அவள் நடந்தபோது அவன் வரிசையில் இடம் பிடித்தபடி, தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். பொறுப்பாக.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. இருவருக்கும் யாரென்று தெரியும். கிளினிக்கில் நாள் குறித்துக்கொடுக்கும் சுஷ்மா, மத்தியானத்துக்கு முன்னால் ஒருமுறை கூப்பிடுவேன் என்று சொல்லியிருந்தாள். வனஜா உடனே எடுக்கவில்லை. பொட்டலத்தைப் பிரிக்காமலே சுவருக்கு அப்பால் நீட்டி விரலை விட்டாள். அது கறுப்புத் தண்ணீரில் விழவில்லை. நான்கு விரற்கடை தள்ளி, ஆகாயத்தாமரை இலைமேல் போய் உட்கார்ந்துகொண்டது, யாரோ வைத்த மாதிரி. மூழ்கவும் இல்லை, நகரவும் இல்லை. விடைத்தாளின் நீலக் கோடுகள் பாலத்திலிருந்தே தெரிந்தன.

அவள் கையை நீட்டி அவன் சட்டைப் பையிலிருந்து அந்த ரோஜாவை உருவினாள். கசங்கிய இதழ்கள் இரண்டைக் கிள்ளிப் போட்டாள். முள்ளை நகத்தால் ஒடித்தாள். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் செய்வது போல, காதோரம் முடியை விலக்கிச் செருகிக்கொண்டாள். போன் நின்றுவிட்டு மறுபடியும் அதிரத் தொடங்கியது. பைக்குள் கையை விட்டுத் தேடியபடி, மற்றொரு கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கீழே, கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் எங்கோ இழுத்திருக்க வேண்டும். பச்சைப் பாய் ஒருபக்கமாக லேசாக அசைந்தது. பொட்டலத்தைச் சுமந்த இலை மெல்லச் சுற்றத் தொடங்கியது, எந்தப் பக்கம் போவதென்று இன்னும் முடிவு செய்யாமல்.